கொம்பு இருந்தால் காண்டாமிருக வண்டா? பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பேராவூரணிக்கும் கடற்கரைக்கும் இடையில் உள்ள ஒரு தென்னந்தோப்பைப் பற்றியது இந்த ஆய்வு. தோப்பு ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதை ஒட்டி ஒரு மேய்ச்சல் தரிசு. தொழுவத்தில் நாட்டு மாடும் கலப்பினப் பசுவுமாக ஆறேழு உருப்படிகள். தொழுவத்துக்குப் பின்னால் ஒரு குப்பைக்குழி. காவிரிக் கடைமடையில் இத்தகைய குடும்பத் தோப்புகள் ஏராளம். இங்கே நடந்தது வேறு பல தோப்புகளிலும் நடக்கிறது என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன். உரிமையாளரின் விருப்பப்படி பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி வட்டாரங்களில் ஒரே இரவில் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. பெரியவரின் தோப்பிலும் காய்த்துக்கொண்டிருந்த மரங்களில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டன. விலை போன மரத்தை விற்றார். விலை போகாததை வேலியோரமாக இழுத்துப் போட்டார். கொண்டை முறிந்த சில மரங்கள் மொட்டையாக நின்றபடியே மக்கின. மறு ஆண்டே கடன் வாங்கிப் புதிதாகத் தென்னம்பிள்ளைகளை நட்டார். அந்தப் பிள்ளைகள் மூன்று, நான்கு வயதை எட்டிய நேரத்தில் குருத்து வெட்டுப்பட ஆரம்பித்தது. சில பிள்ளைகளின் குருத்து கையால் இழுத்தாலே அழுகிய நாற்றத்துடன் கழன்று வந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. குப்பைக்குழியில் குருணை மருந்தைக் கொட்டினார். கண்ணில் படும் கறுத்த கொம்பு வண்டுகளையெல்லாம் பொறுக்கிக் கொல்லும்படி பேரப்பிள்ளைகளிடம் சொன்னார். அவர்களும் மாலை வேளைகளில் மேய்ச்சல் தரிசில் சாணத்தைப் புரட்டி, வண்டுகளை எடுத்து, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் வாளியில் போட்டுவந்தார்கள். நான் போனபோது அந்த வாளியைக் காட்டினார்.

“இவ்வளவு பிடித்தும் குறையவில்லை, தம்பி. எங்கிருந்துதான் வருகின்றனவோ தெரியவில்லை.”

வாளியில் இருந்த வண்டுகளை ஒரு சாக்கில் கொட்டிப் பரப்பினேன். மிகப் பெரும்பாலானவை சாணி வண்டுகள். தென்னையைத் தின்னும் காண்டாமிருக வண்டுகள் அவற்றினிடையே மிகச் சிலவே இருந்தன.

இரண்டு கறுப்பு வண்டுகள்

இந்தக் குழப்பத்துக்குப் பெரியவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஸ்காரபேயிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் கறுப்பு. இரண்டின் ஆணுக்கும் தலையில் கொம்பு உண்டு. இரண்டுக்கும் முன்னங்கால் ரம்பம்போல் பல் பல்லாக இருக்கும். இரண்டும் இருட்டில் பறந்து விளக்கு வெளிச்சத்துக்கு வரும். இரண்டுக்கும் சாணத்தோடு தொடர்பு உண்டு. வாளியில் அதிகமாக இருந்த சாணி வண்டு கத்தார்சியஸ் மொலோசஸ் என்ற இனம். தமிழ்நாட்டுச் சாணி வண்டுகளில் உருவில் பெரியவற்றுள் ஒன்று. சிறிய காண்டாமிருக வண்டை நேரில் பார்த்தவர்கூட இதைப் பார்த்து ஏமாறுவார்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரிந்துவிடும். காண்டாமிருக வண்டு, ஓரிக்டெஸ் ரைனோசெரஸ், 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை நீளும். நீள்வாட்டில் உருண்டு திரண்ட உடல். சாணி வண்டு குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். இதை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறலாம். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அடையாளங்கள் இரண்டு. முதலாவது முதுகில் இருக்கிறது. காண்டாமிருக வண்டின் இரு மேல்சிறகுகளும் கழுத்துப் பக்கம் சேரும் இடத்தில் ஒரு சிறிய முக்கோணத் தகடு தெளிவாகத் தெரியும். கத்தார்சியஸில் அந்த முக்கோணம் வெளியே தெரியாது. சிறகுகள் நேராகக் கழுத்துத் தகட்டில் போய் முட்டும். இரண்டாவது முகத்தில். சாணி வண்டின் தலை முன்பக்கம் தட்டையாக விரிந்து மண்வெட்டி அலகுபோல வாயை முழுவதும் மூடியிருக்கும். வண்டைப் புரட்டிப் பார்த்தால்தான் வாயே கண்ணுக்குத் தெரியும். கூடுதலாக ஒன்று: காண்டாமிருக வண்டில் பெண்ணின் பின்நுனியில் செம்பழுப்பு நிற மயிர்க்கற்றை இருக்கும். கொம்பு குட்டையாக இருந்தாலும் இதை வைத்து அடையாளம் காணலாம்.

அந்த வாயைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் வழக்கே அதில்தான் தீர்கிறது. காண்டாமிருக வண்டின் தாடைகள் தென்னங்குருத்தின் நாரைக் கிழித்து மெல்லும் அளவுக்கு உறுதியானவை. வளர்ந்த சாணி வண்டின் தாடையோ மெல்லிய சவ்வுபோன்றது. சாணத்தில் உள்ள ஈரச்சாற்றையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் வடித்து உண்ணத்தான் அது உதவும். பச்சைத் தென்னங்குருத்தைக் கடிக்க அந்த வண்டுக்கு வாயே கிடையாது. தரிசில் எத்தனை ஆயிரம் சாணி வண்டுகள் இருந்தாலும் அவற்றால் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீற்றுக்கும் சேதம் வராது. இதைக் கேட்டதும் பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் தின்பது எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். சரியான கேள்வி.

கொண்டையில் பார்த்தது

தாக்குதலைப் பார்ப்பதில் ஒரு காலக் கணக்கு இருக்கிறது. காண்டாமிருக வண்டு இரவில் வந்து, விரியாத குருத்துக்குள் மட்டையின் அடிப்பக்கமாகத் துளைத்து நுழையும். உள்ளே கீற்றுகள் விசிறி மடிப்பாக அடுக்கியிருக்கும். வண்டு குறுக்கே ஒருமுறை துளைத்தாலே பல மடிப்புகள் ஒன்றாக அறுபடும். வாரங்கள் கழிந்து அந்த மட்டை விரியும்போது, கத்தரியால் நறுக்கியதுபோல் இருபுறமும் ஒரே சீராக முக்கோண வெட்டுகள் தெரியும். அதைப் பார்த்துத்தான் நாம் பதறுகிறோம். ஆனால் அந்த வெட்டைச் செய்த வண்டு எப்போதோ போயிருக்கும். விரிந்த மட்டையில் வெட்டு இருப்பதைப் பார்த்து இன்றைக்கு மருந்து அடிப்பதில் பொருளே இல்லை.

இன்றைக்கு வண்டு உள்ளே இருக்கிறதா என்பதைக் காட்டுவது மட்டை இடுக்கில் தள்ளிக் கிடக்கும் நார்ச்சக்கை. வண்டு மென்று சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையைத் துளைக்கு வெளியே தள்ளும். சக்கை ஈரமாக, வெளிர் நிறமாக இருந்தால் வண்டு உள்ளே இருக்கக்கூடும். காய்ந்து பழுப்பேறிவிட்டால் போய்விட்டது. இந்தத் தோப்பில் வேலியோரம் இருந்த இரண்டு வரிசைப் பிள்ளைகளில்தான் ஈரச்சக்கை அதிகம். நடுத்தோப்பில் குறைவு. வேலியோரம் என்றதும் எனக்கு அங்கே கிடந்த மக்கிய தண்டுகள்தான் நினைவுக்கு வந்தன.

குருத்து கழன்று வந்த பிள்ளைகளின் கதை வேறு. அங்கே வண்டு வழியை மட்டும் திறந்துவிட்டிருந்தது. துளைத்த புண்ணில் மழைநீர் தேங்கி, பைட்டோப்தோரா பால்மிவோரா என்ற நுண்ணுயிர் புகுந்து குருத்தழுகல் வந்திருந்தது. இன்னும் மோசமான விருந்தாளி சிவப்புக் கூன்வண்டு. காண்டாமிருக வண்டு துளைத்த காயத்தின் வாசனைக்கு வந்து அதில் முட்டையிடும். அதன் புழு தண்டின் உள்ளே இருந்து தின்னும். வெளியே தெரியும்போது மரம் கைவிட்டுப்போயிருக்கும். காண்டாமிருக வண்டு வளர்ந்த மரத்தை நேரடியாகக் கொல்வது அரிது. விளைச்சலைக் குறைக்கும், இளம்பிள்ளையின் வளரும் முனையைத் தொட்டுவிட்டால் கொல்லும், மீதியை இந்த இருவருக்கும் விட்டுவிடும்.

குழியிலும் தண்டிலும் பார்த்தது

வண்டு தென்னையில் வளர்வதில்லை. தென்னைக்கு வருவது வளர்ந்த வண்டு மட்டுமே, அதுவும் உணவுக்காக. அதன் குழந்தைப் பருவம் முழுவதும் கழிவது மக்கிய பொருளில்: பழைய குப்பைக்குழி, அழுகிய தென்னந்தண்டு, நாட்பட்ட மரத்தூள் குவியல், மக்கிய நார்க்கழிவு. பெண் வண்டு தன் வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளைக்கூட இடும். அந்த முட்டைகளைக் குழியின் மேல்மட்டத்திலிருந்து 5 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வைக்கும். 8 முதல் 18 நாட்களில் முட்டை பொரியும். புழுப்பருவம் மூன்று முதல் ஆறு மாதம். அதன்பின் இரண்டு மூன்று வாரம் கூட்டுப்புழு. வண்டான பிறகும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஒரு குழியைக் கிளறாமல் ஆறு மாதம் விட்டால் ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்து பறந்துவிடும்.

பெரியவரின் குழியில் மேல்சாணத்தை ஒதுக்கிவிட்டுக் கீழே தோண்டினோம். மேலே ஈரச்சாணம். அதன் கீழே கறுத்துப் பொலபொலவென்று மக்கிய எரு. அந்தக் கறுத்த அடுக்கில்தான் புழுக்கள் கிடந்தன. விரல் தடிமன், பால்வெள்ளை உடல், பழுப்புத் தலை, பிறைபோல் வளைந்த வடிவம். நாங்கள் கிளறக் கிளறச் சுருண்டு விழுந்துகொண்டே இருந்தன. குருணை மருந்து போட்டிருந்தும் இத்தனை எப்படி? மருந்து மேலே விழுந்தது. புழு அதற்கும் கீழே இருந்தது. அதோடு மருந்து போட்ட பிறகும் தினமும் புதுச்சாணம் மேலே கொட்டப்பட்டிருந்தது. மருந்து கலந்த அந்த எரு மறு ஆண்டு வயலுக்குப் போகும் என்பதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கும் அந்த எருதான் போகிறது.

குழியில் வெள்ளைப் புழு என்றதும் எல்லாவற்றையும் கொல்லவும் கூடாது. பூ வண்டுகள் எனப்படும் பளபளப்பான வண்டுகளின் புழுக்களும் அங்கே வாழும். அவை எருவை மக்கவைக்க உதவுபவை. அவற்றைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. புழுவை எடுத்துச் சமதரையில் விட வேண்டும். பூ வண்டின் புழு மல்லாந்து முதுகால் ஊர்ந்து போகும். காண்டாமிருக வண்டின் புழு அப்படிச் செய்யாது. பக்கவாட்டில் சுருண்டு கிடக்கும், அல்லது தடுமாறிக் காலால் நகரும். முதுகில் ஊரும் புழுவைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் கும்மாளமிட்டார்கள். அன்று முழுவதும் குழியருகே அதே சோதனைதான் நடந்தது.

வேலியோரத் தண்டுகள் இன்னும் மோசம். மேல்பட்டை கெட்டியாகவே இருந்தது. உள்ளே இருந்த சோறு, அதாவது தண்டின் மென்பகுதி, மக்கித் தூளாகிவிட்டது. கடப்பாரையால் நெம்பிப் பிளந்தபோது தூளுக்குள் புழு, கூட்டுப்புழு, இன்னும் சிறகு கெட்டிப்படாத இளவண்டு மூன்றும் ஒரே தண்டில் இருந்தன. மழையும் வெயிலும் பறவையும் எட்டாத இடம் அது. புயல் சாய்த்த மரங்கள் வேலியோரம் கிடந்தே, அடுத்து நட்ட பிள்ளைகளைத் தின்னும் வண்டுகளை வளர்த்துக்கொண்டிருந்தன. கஜாவுக்குப் பிறகு தோப்புகளில் மக்கும் தண்டுகளை அகற்ற வேண்டும் என்று திரும்பத் திரும்ப அறிவுரை தரப்பட்டது இதனால்தான். ஆனால் ஒரு தண்டை அறுத்து வெளியேற்ற ஆகும் கூலியைக் கடனில் மூழ்கிய குடும்பம் எங்கிருந்து தரும்? அறிவுரையோடு கூலிக்கும் வழி செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தரிசில் பார்த்தது

குழியில் இவ்வளவு தோண்டியும் ஒரு சாணி வண்டின் புழுகூடக் கிடைக்கவில்லை. கிடைக்கவும் கிடைக்காது. சாணி வண்டுக்கு வேண்டியது புதுச்சாணம். மாடு போட்ட சில மணி நேரத்தில் வாசனை பிடித்து வந்துவிடும். சில நாள் காய்ந்ததும் பெரும்பாலான இனங்கள் அதைத் தொடுவதில்லை. காண்டாமிருக வண்டுக்கு வேண்டியது பல மாதம் மக்கிய எரு. பசு ஒன்றுதான், சாணம் ஒன்றுதான். அது தரையில் கிடந்து மண்ணுக்குள் போகிறதா, குழியில் குவிந்து மாதக்கணக்கில் கிடக்கிறதா என்பதைப் பொறுத்து இரண்டில் ஒரு வண்டு பெருகுகிறது. இந்த ஆய்வில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

தரிசில் முந்தின நாள் மாலை மாடு போட்ட சாணத்தை மறுநாள் காலையில் மெல்லப் புரட்டினோம். மேல்தோடு காய்ந்து முழுசாகத்தான் இருந்தது. அடியில் பாதிச் சாணம் இல்லை. தரையில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள், பக்கத்தில் புதிதாக வெளியே தள்ளிய ஈரமண். ஒரு துளையை மண்வெட்டியால் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தோம். சுரங்கம் சாய்வாக இறங்கி ஓர் அறையில் முடிந்தது. அங்கே எலுமிச்சம்பழ அளவில் ஒரு சாண உருண்டை. வெளியே மண்பூச்சு. உள்ளே ஒரே ஒரு முட்டை. பொரிந்து வரும் புழு அந்த உருண்டைக்குள்ளேயே தின்று, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகத்தான் வெளியே வரும். அதன் உடலும் காண்டாமிருக வண்டுப் புழுபோல் வெறுமனே வளைந்து இருக்காது. முதுகில் ஒரு திமில் எழும்பியிருக்கும். உருண்டைக்குள் முட்டுக்கொடுத்து நகர அது உதவுகிறது.

சாணி வண்டு என்றதும் பலருக்கு நினைவில் வருவது உருட்டிக்கொண்டு போகும் வண்டு. அது ஒரு வகை மட்டுமே. ஜிம்னோப்ளூரஸ், சிசிபஸ் போன்றவை பகலில் உருண்டை செய்து, தலைகீழாக நின்று பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போய்த் தொலைவில் புதைக்கும். கத்தார்சியஸ், காப்ரிஸ், ஒனிட்டிஸ், ஆந்தோபேகஸ் எல்லாம் சாணத்துக்கு நேர் அடியிலேயே சுரங்கம் தோண்டுபவை. மூன்றாம் வகை சாணத்துக்குள்ளேயே குடியிருக்கும். உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட சாணி வண்டு இனங்கள் ஐந்தாயிரத்துக்கும் மேல். நமது நிலங்களில் வேலையில் பெரும்பங்கைச் செய்பவை சுரங்கம் தோண்டுபவைதான். அவை மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போதே மும்முரமாக இருக்கும். கோடையில் காயும் சாணத்தைக் கரையான்தான் கவனித்துக்கொள்ளும்.

அந்த வேலையின் மதிப்பு என்ன? சாணம் வெயிலில் கிடந்தால் அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடும். வண்டு புதைத்தால் அது மண்ணில் தங்கும். சுரங்க வழியே மழைநீர் இறங்கும், வேருக்குக் காற்றுப் போகும். சாணத்தில் முட்டையிடும் ஈக்கள் பெருகுவது குறையும். மாட்டின் குடற்புழு முட்டையிலிருந்து பொரியும் இளம்புழுக்கள் புல்லில் ஏறுவதும் குறையும். 2006ஆம் ஆண்டில் ஜான் லோசி, மேஸ் வான் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கள் நாட்டு மாட்டு வளர்ப்புக்கு இந்த வண்டுகள் மிச்சப்படுத்தும் தொகையை ஆண்டுக்கு 38 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள்.

இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 1788இல் குடியேறிகளோடு மாடும் அங்கே போய் இறங்கியது. அங்கிருந்த சாணி வண்டுகள் கங்காருவின் சிறிய உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை. மாட்டின் ஈரச்சாணத்தைப் பெரும்பாலானவை தொடவில்லை. சாணம் மேய்ச்சல் நிலத்தை மூடிக் காய்ந்து கிடந்தது. ஈக்கள் பெருகின. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போர்னமிஸ்ஸா என்ற பூச்சியியலாளர் 1965 முதல் 1985 வரை சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனத்தில் நடந்த திட்டத்துக்கு வழிகாட்டி, ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் சாணி வண்டுகளை வரவழைத்து விட்டார். அங்கே பெரும் பொருட்செலவில் இறக்குமதி செய்த உயிரைத்தான் இங்கே பேரப்பிள்ளைகள் மண்ணெண்ணெய் வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இழப்பு ஈடாகும் வேகத்திலும் இரண்டும் ஒன்றல்ல. காண்டாமிருக வண்டு முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், எண்ணிக்கையை நம்பி வாழ்வது. பெரிய சாணி வண்டு ஒவ்வொரு முட்டைக்கும் ஓர் உருண்டை செய்து, அதற்கு அறை தோண்டி, மண் பூச வேண்டும். ஒரு பருவத்தில் அதனால் வளர்க்க முடிவது விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒரு பருவம் முழுவதும் பொறுக்கிக் கொன்றால் தரிசு மீண்டுவர ஆண்டுகள் ஆகும். குழியைக் கிளறாமல் ஒரு பருவம் விட்டாலோ, காண்டாமிருக வண்டு பழைய நிலைக்கு வந்துவிடும்.

செய்தது

முதலில் வாளியை நிறுத்தினோம். பேரப்பிள்ளைகளே காவலர்களாகிவிட்டார்கள், முதுகு முக்கோணத்தைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் தொடுகிறார்கள்.

குழியிலிருந்து எருவை முழுவதும் வெளியே எடுத்துப் பரப்பினோம். கோழிகளும் மைனாக்களும் காகங்களும் வந்து புழுக்களைத் தின்று தீர்த்தன. மருந்து பட்ட மேல்சாணத்தைக் கோழி அணுகாதபடி முன்பே பிரித்து ஒதுக்கியிருந்தோம். மக்கிய எருவை உடனே வயலுக்கு அனுப்பியாயிற்று. இனி எருவை ஆறு மாதம் தேக்குவதில்லை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறுவது என்று முடிவு செய்தோம். மழைக்காலத்தில் குழி ஈரமாக இருக்கும்போது மெட்டாரைசியம் பூஞ்சையைத் தண்ணீரில் கலந்து தெளித்தோம். இந்தப் பூஞ்சை புழுவின் தோலைத் துளைத்து உள்ளே வளரும். இறந்த புழு கெட்டியாகி முதலில் வெண்மையாகவும் பிறகு பாசிப்பச்சையாகவும் மாறும். 1879இல் ஒடெசாவில் கோதுமையைத் தின்ற வண்டுகளில் இந்தப் பூஞ்சையைக் கண்டறிந்தவர் இலியா மெச்னிகோவ். பிற்காலத்தில் உடலின் நோயெதிர்ப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவர் அவரே. சாணி வண்டு குழியில் வளர்வதில்லை என்பதால் குழிக்குள் தெளிக்கும் பூஞ்சையால் அதற்கு ஆபத்தில்லை.

தண்டுகளை அறுத்து எரிப்பதற்குப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் இருவருடன் சேர்ந்து ஆள் வைத்தார்கள். தனித்தனியாகச் செய்திருந்தால் கூலி தாங்கியிருக்காது.

இளம்பிள்ளைகளுக்கு வழக்கமான காப்புதான். குருத்துக்கு அடுத்த உள்மட்டை இடுக்குகளில் பிள்ளைக்கு மூன்று அந்துருண்டைகள், மேலே மணல், 45 நாட்களுக்கு ஒருமுறை. சற்று வளர்ந்தவற்றுக்கு ஒரு பங்கு வேப்பங்கொட்டைப் பருப்புத்தூளும் இரண்டு பங்கு மணலும் கலந்து மரத்துக்கு 150 கிராம். ஈரச்சக்கை தெரிந்த துளைகளில் கொக்கிக் கம்பியை விட்டு வண்டை வெளியே எடுத்தோம். அதற்கு ஒரு கை வேண்டும். வேகமாகக் குத்தினால் குருத்தும் போய்விடும். ஊரில் இதைத் தெரிந்தவர் ஒரு முதியவர்தான் இருக்கிறார். அவரிடம் இளைஞர் யாரும் கற்றுக்கொள்ளவில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

பொறிகளில் மட்டும் எங்களுக்குள் விவாதம் வந்தது. பெரியவர் விளக்குப்பொறி வைக்க விரும்பினார். காண்டாமிருக வண்டுக்கு அது பரிந்துரைக்கப்பட்டதுதான். ஆனால் சாணி வண்டும் அதே விளக்குக்கு வரும். தண்ணீர்த் தட்டில் இரண்டும் சேர்ந்தே சாகும். தரிசு ஏற்கெனவே சாணி வண்டுகளை இழந்திருந்த நிலையில் நான் வேண்டாம் என்றேன். மாற்றாக, இனக்கவர்ச்சிப் பொறி வைத்தோம். காண்டாமிருக வண்டின் ஆண் வெளியிடும் எத்தில் 4-மெத்தில் ஆக்டனோயேட் என்ற மணத்தைக் கொண்ட வாளிப்பொறி அது. அந்த வண்டுதான் அதைத் தேடி வரும். இரண்டு ஹெக்டேருக்கு ஒன்று போதும். இளம்பிள்ளைகளுக்கு நடுவில் வைக்காமல் தள்ளி வைக்க வேண்டும், ஏனென்றால் மணத்தைத் தேடி வரும் வண்டெல்லாம் வாளிக்குள் விழுவதில்லை, சில பக்கத்துக் குருத்தில் இறங்கிவிடும். ஒருவர் மட்டும் வைத்தால் ஊர் வண்டெல்லாம் அவர் தோப்புக்கு வரும் என்ற பயமும் நியாயமானதே. அதனால் மூன்று தோப்புக்காரர்களும் ஒரே வாரத்தில் வைத்தார்கள்.

காண்டாமிருக வண்டைத் தாக்கும் வைரஸ் பற்றி ஒருவர் கேட்டார். அதன் வரலாற்றில் நம் பக்கத்துத் தீவுக்கும் பங்குண்டு. 1909இல் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் நாற்றுகளோடு இந்த வண்டு அன்றைய ஜெர்மானிய சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதற்கு எதிரி இல்லை. பசிபிக் தீவுகள் பலவற்றில் தென்னையை நாசமாக்கியது. 1963இல் அலோய்ஸ் ஹியூகர் என்ற ஜெர்மானியர் மலேசியாவில் நோயுற்ற புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டறிந்தார். 1967இல் அது சமோவாவில் விடப்பட்டது. நோயுற்ற வண்டுகள் தாமே பறந்து போய் மற்ற வண்டுகளுக்குப் பரப்பின; சேதம் பெரிதும் தணிந்தது. ஆயினும் 2007இல் குவாம் தீவில் தென்பட்ட வண்டுகளை அந்த வைரஸ் எளிதில் வீழ்த்தவில்லை. தனி விவசாயி கடையில் வாங்கித் தெளிக்கும் பொருளும் இது இல்லை.

விளைவும் மீதமும்

முதல் சில மாதங்களில் பெரியவர் நம்பிக்கை இழந்தார். விரியும் மட்டைகளில் வெட்டு வந்துகொண்டே இருந்தது. அவை முன்பே துளைக்கப்பட்ட குருத்துகள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மறு பருவத்தில் ஈரச்சக்கை தெரிந்த பிள்ளைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. வேலியோர வரிசையிலும் சுத்தமான மட்டைகள் விரிந்தன. இதில் எந்தப் பங்கு தண்டை எரித்ததால், எந்தப் பங்கு குழியைக் கிளறியதால் என்று ஒரு தோப்பை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. என் கணிப்பில் தண்டுக்கே முதலிடம். கிழக்குப் பக்கத்துத் தோப்பில் மொட்டை மரங்கள் இன்னும் நிற்கின்றன. உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். அந்த எல்லையில் மட்டும் தாக்குதல் நிற்கவில்லை.

தரிசில் சாணி வண்டு திரும்புவதற்கு மாட்டுக்கிடை யோசனை பெரியவருடையது. அவருடைய அப்பா காலத்தில் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவார்கள். சாணம் அங்கேயே விழுந்து மண்ணோடு போகும். இப்போது எல்லா மாடும் தொழுவத்தில் நிற்க, எல்லாச் சாணமும் குழிக்குப் போகிறது. மழைக்குப் பின் சில வாரங்கள் மாடுகளை இரவில் தரிசிலேயே கட்டிவைக்கத் தொடங்கினார்.

கடைசியாக ஒரு சிக்கல் தலைகாட்டியது. தரிசில் கட்டிய ஒரு பசுவின் சாணம் மட்டும் நாள்கணக்கில் அப்படியே கிடந்தது. புரட்டினால் துளை கண்ணில் பட்டது, ஆனால் உருண்டைகளில் புழு செத்திருந்தது. விசாரித்தபோது அந்தப் பசுவுக்கு உண்ணிக்காக ஐவர்மெக்டின் ஊசி போட்டிருந்தது தெரியவந்தது. அந்த மருந்தில் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறும். ஊசிக்குப் பின் சில வாரங்கள் வரை சாணத்திலுள்ள அதன் எச்சம் சாணி வண்டின் புழுவைக் கொல்லக்கூடும். ஊசியைத் தவிர்க்கச் சொல்ல முடியாது. உண்ணி மிகுந்தால் பசு படுத்துவிடும். கால்நடை மருத்துவரிடம் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். எல்லா மாட்டுக்கும் ஒரே நேரத்தில் வழக்கமாகப் போடாமல், தேவைப்படும் மாட்டுக்கு மட்டும், மழைப் பருவம் தவிர்த்துப் போடுவது. ஊசி போட்ட மாடு ஒரு மாதம் தொழுவத்தில் நிற்கும். அதன் சாணம் குழிக்குப் போகும், குழியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறுகிறோம். மற்ற மாடுகளின் சாணம் தரிசுக்கு. தொழுவச் சுவரில் எந்த மாட்டுக்கு எப்போது ஊசி போட்டது என்று கரியால் எழுதிவைக்கும் பொறுப்பை மூத்த பேத்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.